கோடு நகர்ந்தால் குடி குறையுமா?



1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு ஏட்டை ஒருவர் புரட்டுகிறார் என்று கொள்க. அதில் சென்னை மாநிலத்தின் மக்கள்தொகை 5,70,16,002 என்று உள்ளது. அடுத்து 1961-ஆம் ஆண்டு ஏட்டைப் புரட்டுகிறார். அதே சென்னை மாநிலம்; அதே பெயர்; அதே தலைநகர். ஆனால் தொகையோ 3,36,86,953. பத்தே ஆண்டில் 2,33,29,049 பேர் குறைந்திருக்கின்றனர். நூற்றுக்கு 41 பேர் காணோம்!

இத்துணைப் பேர் எங்குப் போயினர்? பசியால் மாண்டனரா? கொள்ளைநோய் வாரிச் சென்றதா? போர் மூண்டதா? ஒன்றும் இல்லை. இருந்தவர் இருந்த இடத்திலேயே இருந்தனர். உழுதவர் உழுதனர், நெய்தவர் நெய்தனர். குடி நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது.

1953 அகுத்தோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தது. பல்லாரி மாவட்டத்தின் பெரும்பகுதி மைசூருக்குப் போயிற்று. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளத்துக்கும், தென்கன்னடம் மைசூருக்கும், அதனுள் அடங்கிய காசர்கோடு கேரளத்துக்கும், கொள்ளேகாலம் வட்டம் மைசூருக்கும் சென்றன. அதே நாளில் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும், செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியும் தாய்நிலத்தோடு சேர்ந்தன. 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி வட்டம் வந்தது; திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களிலிருந்து சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. ஒன்பதே ஆண்டுக்குள் இத்தனை மாற்றம்! 1951-இன் எண்ணையும் 1961-இன் எண்ணையும் அப்படியே அருகருகே வைத்தால், மாவையும் பலாவையும் ஒரே குவியலாக்கி எண்ணியதைப் போன்றதே ஆகும்.

அவ்வாறாயின் உண்மை எது? 1961-ஆம் ஆண்டு எல்லைக்குள் அடங்கிய அதே நிலத்தில் 1951-இல் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்று கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டுத் திருத்திக் கண்ட தொகை 3,01,19,047. இதனோடு 1961-இன் தொகையை ஒப்பிட்டால் 35,67,906 பேர் கூடியிருக்கின்றனர்; வளர்ச்சி 11.85 விழுக்காடு. 41 விழுக்காட்டு வீழ்ச்சி எங்கே, ஏறத்தாழ 12 விழுக்காட்டு வளர்ச்சி எங்கே! இவ்விரண்டு விடைகளுக்கும் இடையே நிற்பது ஒரே ஒரு பணி: ஓர் எல்லைக்கு எடுத்த கணக்கை மற்றோர் எல்லைக்கு மாற்றியமைக்கும் பணி.

இப்பணியைச் செய்தவர் குடிமதிப்புத் துறையினரே. 1961-இல் சென்னை மாநிலக் குடிமதிப்பின் கண்காணிப்பாளராக இருந்தவர் பி. கே. நம்பியார். அக்கால வெளியீடுகளில் 1901 முதல் ஒவ்வொரு பத்தாண்டுத் தொகையும் புதிய எல்லைக்கு ஏற்பத் திருத்தித் தரப்பெற்றது. இன்றும் தமிழ்நாட்டின் 1901-ஆம் ஆண்டுத் தொகை 1,92,52,630 என்று ஏடுகளில் காணப்படுகிறது. 1901-இல் தமிழ்நாடு என்றொரு மாநிலமே இல்லை. குமரி நிலம் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. புதுக்கோட்டை தனியரசாக இருந்தது. இல்லாத மாநிலத்துக்கு எண் எங்கிருந்து வந்தது? சென்னை மாகாணத்தின் ஏட்டிலிருந்து தமிழ் மாவட்டங்களை எடுத்து, திருவிதாங்கூர் ஏட்டிலிருந்து தென் வட்டங்களை எடுத்து, புதுக்கோட்டைக் கணக்கைச் சேர்த்துக் கூட்டியதால் வந்தது. சிதறிக் கிடந்த தமிழ்நிலம் ஆட்சியில் ஒன்றாவதற்கு 1956 வரை காத்திருந்தது. கணக்கிலோ 1901 வரை பின்சென்று ஒன்றாயிற்று.

இம்மாற்றம் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைத் தமிழ் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். இது கடினமான கலையன்று. கூட்டலும் வகுத்தலும் அறிந்தார் எவரும் செய்யலாம். ஆனால் நேர்மையும் பொறுமையும் வேண்டும்.

முதற்படி, மாறாத சிற்றலகைக் கண்டுபிடித்தல். மாநிலம் மாறும், மாவட்டம் மாறும், வட்டமும் மாறும். ஊர் எளிதில் மாறாது. வருவாய்த்துறையின் ஊர் எல்லை கல் நட்டு அளந்த எல்லை. எனவே ஊரே செங்கல். மாவட்டமும் மாநிலமும் அச்செங்கற்களால் எழுந்த கட்டடங்கள். கட்டடத்தைப் பிரித்து வேறு வடிவில் கட்டினாலும் செங்கல் அதே செங்கல்தான். ஒவ்வோர் ஊரும் முன்பு எந்த வட்டத்தில் இருந்தது, பின்பு எந்த வட்டத்துக்குச் சென்றது என்று ஒரு பட்டியல் எழுதிவிட்டால் பணியில் பாதி முடிந்தது. முழு ஊராக மாறியவற்றை முழுத் தொகையோடு ஒரு பக்கம் கழித்து, மறுபக்கம் கூட்டிவிடலாம். இங்கு மதிப்பீட்டுக்கு இடமே இல்லை, விடை துல்லியமானது.

இடர்ப்பாடு எங்கே தோன்றுகிறது? ஊரோ வட்டமோ நடுவே பிளக்கப்படும்போது தோன்றுகிறது. அப்போது பலர் கையாளும் எளிய வழி பரப்பளவைக் கொண்டு பங்கிடுதல். பாதி நிலம் போனால் பாதி மக்களும் போயினர் என்று கொள்வது. இது பெரும்பிழைக்கு வழி வகுக்கும். ஒரு வட்டத்தில் 1,00,000 பேர் வாழ்வதாக வைத்துக்கொள்க. அதன் ஒரு பாதி காடடர்ந்த மலை; அங்கு 5,000 பேர். மறுபாதி நன்செய்ச் சமவெளி. அங்கு 95,000 பேர். மலைப்பாதி அடுத்த மாநிலத்துக்குப் போகிறது. பரப்பளவுக் கணக்கன் 50,000 பேரைக் கழித்துவிடுவான். உண்மையில் போனவர் 5,000 பேரே. 45,000 உயிர்கள் தாளின்மேல் நாடு கடத்தப்படுகின்றன!

இது வெறுங்கற்பனை அன்று. செங்கோட்டை வட்டம் பிரிக்கப்பட்டபோது இத்தகைய நிலையே இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவிலுள்ள செங்கோட்டையும் அதனைச் சூழ்ந்த வயலூர்களும் திருநெல்வேலியோடு சேர்ந்தன. ஆரியங்காவு முதலிய மேலைக் காட்டுப் பகுதி கேரளத்தில் நின்றுவிட்டது. மரங்களையும் மாந்தரையும் ஒரே கோலால் அளப்பவன் இத்தகைய இடத்தில் தடுமாறாமல் இரான்.

பரப்பளவைவிடச் சிறந்த வழி பின்வந்த கணக்கைக் கொண்டு முன்னதைப் பங்கிடுதல். ஓர் ஊரில் முதற்கணக்கின்போது 900 பேர் இருந்தனர். பின்னர் அவ்வூர் இரண்டாயிற்று. அடுத்த கணக்கில் மேற்கூற்றில் 600 பேரும் கீழ்க்கூற்றில் 400 பேரும் உள்ளனர். ஆகவே முன்னைய 900 பேரை ஆறுக்கு நான்கு என்னும் மேனியில் பகுத்து 540 என்றும் 360 என்றும் கொள்ளலாம். இதிலும் ஒரு கருதுகோள் மறைந்திருக்கிறது: இரு கூறுகளும் ஒரே வேகத்தில் வளர்ந்தன என்பது அது. இடைக்காலத்தில் ஒரு கூற்றில் ஆலை எழுந்திருந்தாலோ, அணை கட்டிக் குடிகளைப் பெயர்த்திருந்தாலோ இம்மேனி பொய்த்துவிடும். எனவே பகுத்த எண்ணை எழுதும்போது 'இது எண்ணிக் கண்டதன்று. பகுத்துக் கண்டது' என்று குறித்தல் வேண்டும். எண்ணியதையும் கருதியதையும் வேறுபடுத்திக் காட்டாத கணக்கு நேர்மையான கணக்கன்று.

எவ்வழியில் பகுத்தாலும் ஒரு நெறியை மீறலாகாது. பகுத்த கூறுகளைக் கூட்டினால் பழைய முழுத்தொகை மீண்டும் வர வேண்டும். ஓர் ஆள் கூடவும் கூடாது. ஓர் ஆள் குறையவும் கூடாது.

மற்றொரு பிழை இதனினும் கொடியது. விழுக்காடுகளைக் கூட்டிச் சராசரி காண்பது அது. ஒரு பகுதியில் 90,000 பேர்; அவருள் நூற்றுக்கு 70 பேர் தமிழர். மற்றொரு பகுதியில் 10,000 பேர். அவருள் நூற்றுக்கு 30 பேர் தமிழர். இரண்டையும் சேர்த்தால் தமிழர் எத்தனை விழுக்காடு? எழுபதையும் முப்பதையும் கூட்டிப் பாதியாக்கி 'ஐம்பது' என்பான் அறியாதவன். அறிந்தே ஏமாற்றுபவனும் அதையே சொல்வான். உண்மைக் கணக்கு என்ன? முதற்பகுதித் தமிழர் 63,000. இரண்டாம் பகுதித் தமிழர் 3,000. கூட்டினால் ஒரு நூறாயிரத்துள் 66,000. அஃதாவது 66 விழுக்காடு. முதலில் ஆட்களை மாற்றுக; பின்னரே விழுக்காடு காண்க. ஐம்பதுக்கும் அறுபத்தாறுக்கும் உள்ள இடைவெளியில் ஒரு வட்டமே கைவிட்டுப் போகும்.

இது ஏன் தமிழர்க்கு உயிர்நிலையான செய்தி? எல்லைப் போராட்டங்கள் அனைத்தும் இவ்வெண்களின்மேல் நடந்தவை என்பதால்தான். மார்சல் நேசமணி தலைமையில் தென் திருவிதாங்கூர்த் தமிழர் தாய்த்தமிழகத்தோடு இணையப் போராடினர். 1954 ஆகத்து 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் தமிழர் உயிர் ஈந்தனர். தெருவில் குருதி சிந்தியது. ஆணையத்தின் முன்னோ வட்டவாரியான மொழிக் கணக்கு பேசியது. வட்டத்தை அலகாகக் கொண்டு பார்த்ததால் குமரித் தமிழரின் பெரும்பான்மை வெளிப்பட்டது. திருவிதாங்கூர்-கொச்சி முழுமையையும் ஒரே அலகாகக் கொண்டிருந்தால், அத்தமிழர் பெருந்தொகையுள் கரைந்த சிறுபான்மையராகவே தோன்றியிருப்பர்.

வடக்கெல்லையில் படாசுகரின் நடுவர் முயற்சியால் எழுந்த உடன்பாடு ஊரை அலகாகக் கொண்டது. 1959-ஆம் ஆண்டு எல்லைத் திருத்தச் சட்டத்தின் வழித் திருத்தணி மீண்டது. தேவிகுளத்திலோ நிலை வேறு. அவ்வட்டத்தில் தமிழர் பெரும்பான்மையினராக எண்ணப்பட்டிருந்தும், தோட்டத் தொழிலாளர் நிலைத்து வாழ்பவரல்லர் என்னும் வாதம் முன்வைக்கப்பட்டது. பீர்மேட்டோடு அதுவும் கேரளத்தில் சேர்க்கப்பட்டது. எத்தனை பேர் என்பது மட்டும் போதாது. எந்த அலகில் எண்ணுவது, யாரைக் குடியாகக் கொள்வது என்பவையும் எல்லையை வரைகின்றன என்பதற்கு இம்மூன்று எல்லைகளும் மூன்று சான்றுகள்.

கடல் கடந்து ஈழத்தைப் பார்த்தாலும் இப்பாடமே கிட்டும். 1953-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,70,000. 1963-ஆம் ஆண்டிலோ அது 2,00,000-க்கும் கீழ் இறங்கிவிட்டது. மக்கள் அழிந்தனரா? இல்லை. 1961-இல் அம்பாறை என்னும் புதிய மாவட்டம் அதன் தென்பாலில் வெட்டி எடுக்கப்பட்டது. 1963-இல் அம்பாறையில் 2,00,000-க்கும் மிகுதியான பேர் எண்ணப்பட்டனர். இரண்டையும் கூட்டினால் 4,00,000-ஐ எட்டுகிறது. 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டக் குடியேற்றம் அந்நிலத்தில்தான் நடந்தது. இவ்வேற்றத்துள் பிறப்பால் வந்தவர் எத்தனை பேர், குடியேற்றப்பட்டவர் எத்தனை பேர், எல்லை மாற்றத்தால் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று பிரித்தறிய வேண்டுமாயின், 1963-க்குப் பிந்திய மட்டக்களப்பைமட்டும் பார்ப்பது பயன்படாது. பழைய மட்டக்களப்பின் முழு நிலத்தையும் ஊர்வாரியாகக் கட்டி ஒப்பிட வேண்டும். மாவட்டத்தைப் பிரிப்பதால் ஒரு மக்களின் விழுக்காடு ஓரிடத்தில் உயர்ந்தும் மற்றோரிடத்தில் தாழ்ந்தும் தோன்றும். ஆளொருவரும் அசையாமலே பெரும்பான்மை சிறுபான்மையாகிவிடலாம்.

இனி நாடாளுமன்ற இருக்கைகளைக் காண்க. 1952-இல் ஒன்றுபட்ட சென்னை மாநிலத்துக்கு 75 இருக்கைகள் இருந்தன. மொழிவழிப் பிரிவுக்குப் பின் 1957-இல் 41 ஆயின. நிலம் பிரிந்ததற்கேற்ப இருக்கையும் பிரிந்தது. அதில் குறைகூற ஒன்றும் இல்லை. ஆனால் 1967-இல் அந்த 41-உம் 39 ஆகக் குறைந்தது. அப்போது எல்லை சுருங்கவில்லை. 1951-க்கும் 1961-க்கும் இடையே தமிழகம் 11.85 விழுக்காடு வளர்ந்தபோது, இந்தியா முழுமையும் 21 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்திருந்தது. அளவோடு பெருகிய மக்கள் இரண்டு இருக்கைகளை இழந்தனர். எல்லைமாற்றத்தால் வந்த குறைவு வேறு. வளர்ச்சி வேறுபாட்டால் வந்த குறைவு வேறு. முன்னதைப் பின்னதாகவோ, பின்னதை முன்னதாகவோ மயங்கினால் உரிமைக்குரல் குறி தவறிப் போகும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது திருத்திய தொகைதான்.

1976-இன் 42-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் மாநிலங்களுக்கான இருக்கைப் பங்கீட்டை 1971-ஆம் ஆண்டுக் கணக்கின்மேல் நிறுத்தியது. 2001-இன் 84-ஆம் திருத்தம் அந்நிறுத்தத்தை 2026-க்குப் பின் எடுக்கப்பெறும் முதற்கணக்கு வெளிவரும் வரை நீட்டித்தது. 2027 மார்ச்சு முதல் நாளை அளவுநாளாகக் கொண்ட கணக்கெடுப்பு 2025-இல் அறிவிக்கப்பெற்றது. ஆகவே வரும் எண்களை ஒப்பிட்டறியும் திறன் முன்னெக்காலத்தினும் இக்காலத்திலேயே தமிழர்க்கு மிகுதியாக வேண்டப்படுகிறது.

தமிழ்நாட்டுக்குள் நிகழ்ந்த மாற்றங்களும் சிறியன அல்ல. 1961-இல் 13 மாவட்டங்களே இருந்தன. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 1974-இல் புதுக்கோட்டை அமைந்தது. 1979-இல் கோவையிலிருந்து ஈரோடு பிரிந்தது. 1985-இல் முகவை மூன்றாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் 32 மாவட்டங்கள். 2020-க்குள் அவை 38 ஆயின. 2011-ஆம் ஆண்டு மாவட்டத் தொகைகளை 38 மாவட்டங்களுக்கு மாற்றாமல் புதிய கணக்கோடு ஒப்பிட்டால், பல மாவட்டங்களில் மக்கள் திடீரெனக் காணாமற்போன மாயம் மீண்டும் நிகழும்.

பெயர் மாறாமல் நிலம் மாறுவது இன்னும் ஏமாற்றும் தன்மையது. பழைய புதுக்கோட்டைத் தனியரசு வேறு. 1974-இல் அமைந்த புதுக்கோட்டை மாவட்டம் வேறு. தஞ்சையிலிருந்த அறந்தாங்கிப் பகுதி பின்னதில் உண்டு, முன்னதில் இல்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டம் இன்றைய காஞ்சிபுரத்தையும் திருவள்ளூரையும் உள்ளடக்கியது; 2019-இல் அமைந்த செங்கற்பட்டு அதன் ஒரு துண்டு. சென்னை மாவட்டத்தில் 2011-இல் எண்ணப்பட்டவர் 46,46,732 பேர். அந்நாளில் அதன் பரப்பு ஏறத்தாழ 175 சதுரக் கிலோமீட்டர். 2018-இல் அது 426 சதுரக் கிலோமீட்டராக விரிந்தது. புதிய தொகையைப் பழைய தொகையோடு ஒப்பிட்டு, 'சென்னை வீங்கிவிட்டது. அயலார் வந்து நிறைந்துவிட்டனர்' என்று எவரேனும் முழங்குவாராயின், முதலில் அவர் அம்பத்தூரையும் திருவொற்றியூரையும் கழித்துவிட்டு முழங்கட்டும். எதிரியின் பொய்யை மறுப்பது எத்துணைக் கடமையோ, அத்துணைக் கடமை தமிழர் தம் பக்கத்துப் பொய்யைத் தாமே மறுத்தல். பொய்யெண் மேல் எழுப்பிய உரிமை முதல் மறுப்பிலேயே சரிந்து வீழும்.

செய்ய வேண்டியவை யாவை?

அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை மாவட்டமோ வட்டமோ பிரிக்கும்போதும், எந்த ஊர் எங்கிருந்து எங்குச் சென்றது என்னும் பட்டியலையும், பழைய கணக்குகளைப் புதிய எல்லைக்கு மாற்றிய தொகைகளையும் தமிழில் அச்சிட்டு வழங்க வேண்டும். ஆணை ஓரிடத்திலும் வரைபடம் ஓரிடத்திலும் கிடந்தால் மக்களுக்கு எட்டாது.

இளைஞர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு வட்டத்திலும் நால்வர் ஐவர் கூடுக. 1951 முதல் 2011 வரை ஊர்வாரித் தொகைகளை மாவட்டக் குடிமதிப்பு ஏடுகளிலிருந்து படியெடுக்க. ஊர்ப்பெயர், அக்கால வட்டம், இக்கால வட்டம், ஒவ்வொரு பத்தாண்டுத் தொகை என நிரலாக எழுதுக. முழுதாக மாறிய ஊர் இது, பிளந்த ஊர் இது, பகுத்துக் கண்ட எண் இது என்று குறியிட்டு வைக்க. ஐயம் நேரும் இடத்தில் ஊர் முதியோரைக் கேட்க. எந்தச் சேரி எந்த ஊரோடு சேர்ந்திருந்தது என்பதை வரைபடத்தினும் அவர் நன்கறிவர். எல்லையோர வட்டங்களாகிய திருத்தணி, ஓசூர், தாளவாடி, கூடலூர், செங்கோட்டை, விளவங்கோடு ஆகியவற்றில் இப்பணி முதலில் தொடங்கப்படுதல் நன்று.

நிலத்தை இழந்த இனம் அதனைப் போராடி மீட்கலாம். குமரியும் திருத்தணியும் அதற்குச் சான்று. ஆனால் தன் தொகையையே அறியாத இனம், எதை இழந்தது என்பதைக்கூடச் சொல்ல இயலாது. கோடு நகர்ந்தால் குடி குறையாது. குறைந்ததாகக் காட்டும் கணக்கை ஊர் ஊராகத் திருத்தி எழுதுக! எழுதியதை ஊரார் முன் படித்துக் காட்டுக!

வாழ்க தமிழ்! ஓங்குக தமிழ்நிலம்!